ஒரு துப்பாக்கியின் மூன்று பிறவிகள்



துப்பாக்கி என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே நம்மவருள் பலர்க்கு உள்ளம் துணுக்குறும். அதற்குக் காரணம் உண்டு. அக்காரணத்தை உங்களுக்கு நான் எடுத்துக்கூற வேண்டியதில்லை. நான் வேட்டையாடுபவனும் அல்லேன். படைக்கலங்களில் ஆசை கொண்டவனும் அல்லேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு கற்பித்துவரும் ஆசிரியன். அவ்வாறிருந்தும் இன்று ஒரு வேட்டைத் துப்பாக்கியின் வரலாற்றையே பேசுபொருளாக எடுத்துக்கொண்டேன். வகுப்பறையில் மாணவர் அடிக்கடி எழுப்பும் ஒரு வினாவே இதற்குக் காரணம். "ஐயா, அக்காலத்துப் பொருள்கள் எல்லாம் நல்லவை, இக்காலத்துப் பொருள்கள் உறுதியற்றவை என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அது மெய்தானா?" என்பதே அவ்வினா.

பெரியோர் சொல்லை மறுக்கவும் மனம் வராது. ஆராயாமல் ஒப்புக்கொள்ளவும் ஆசிரியனால் இயலாது. இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், ஒரே பெயரோடு, ஒரே தொழிற்சாலையில், முதலில் ஒரு முறையாலும் பின்னர் வேறொரு முறையாலும் செய்யப்பட்ட ஒரு பொருளை எடுத்து ஆராய்தல் வேண்டும். அத்தகைய பொருள் எளிதில் அகப்படுவதன்று. ஐக்கிய அமெரிக்காவிலே வின்செஸ்டர் கம்பனியார் செய்த 'மொடல் 70' என்னும் எழுபதாம் மாதிரி வேட்டைத் துப்பாக்கி இவ்வாராய்ச்சிக்கு நன்கு பொருந்துகின்றது. 1936ஆம் ஆண்டிலே அது முதன்முதல் செய்யப்பட்டது. 1964ஆம் ஆண்டிலே பெயர் மாறாமல் உறுப்புகள் மாறின. 1992ஆம் ஆண்டிலே பழைய அமைப்பு மீண்டும் வந்தது. ஆக, அதற்கு மூன்று பிறவிகள் உண்டு எனலாம்.

இதன் வரலாற்றைப் புரிந்துகொள்ள, இவ்வகைத் துப்பாக்கி எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். நம் வீட்டுக் கதவை உள்ளிருந்து பூட்டுதற்கு ஓர் இரும்புத் தாழ் வைத்திருக்கின்றோம். யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் அதனைத் திறாங்கு என்பர். அதன் கைப்பிடியை நிமிர்த்திப் பின்னுக்கு இழுத்தால் கதவு திறக்கும். முன்னுக்குத் தள்ளி மடக்கினால் கதவு பூட்டிக்கொள்ளும். இத்துப்பாக்கியிலும் குழலின் பின்வாயை அடைப்பது அத்தகைய ஓர் உருக்குத் தாழே. தாழை நிமிர்த்திப் பின்னுக்கு இழுக்கும்போது வெடித்து முடிந்த தோட்டாவின் வெறுங்கூடு வெளியே வீசப்படும். மீண்டும் முன்னுக்குத் தள்ளும்போது அடியிலுள்ள பெட்டியிலிருந்து புதிய தோட்டா ஒன்று குழலினுள் செல்லும். கைப்பிடியை மடக்கியதும் தாழ் பூட்டிக்கொள்ளும். வெடிமருந்தின் பேராற்றல் முழுவதையும் தாங்கி நிற்பது அந்தப் பூட்டே.

இவ்வகைத் தாழ்த் துப்பாக்கிகளுள் உலகெங்கும் பெரும்புகழ் பெற்றது ஜேர்மனி நாட்டுப் பவுல் மவுசர் என்பார் அமைத்த 1898ஆம் ஆண்டு மாதிரியாகும். அவருடைய அமைப்பின் சிறப்பு யாதெனில், தாழின் பக்கத்தே நீண்டு கிடக்கும் உறுதியான உருக்குக் கொளுக்கி ஒன்று, தோட்டா பெட்டியை விட்டு மேலெழும்போதே அதன் விளிம்பைப் பற்றிக்கொள்ளும். பற்றிய பிடியை அது குழலினுள் செல்லும் வரையும் விடாது. வெறுங்கூட்டை வெளியே எறியும் வரையும் விடாது. ஒரு தாய் தன் குழந்தையைத் தெருவின் இப்புறத்திலிருந்து அப்புறம் வரை கைபிடித்தே அழைத்துச் செல்வதைப் போன்றது இது. இதற்கு மாறான வேறொரு முறையும் உண்டு. அம்முறையிலே தாழானது தோட்டாவைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். தோட்டா குழலினுள் முழுமையாகச் சென்று அமர்ந்த பின்னரே சிறிய கொளுக்கி ஒன்று அதன் விளிம்பைக் கவ்வும். முன்னையதைப் பற்றும் முறை என்றும், பின்னையதைத் தள்ளும் முறை என்றும் நாம் இப்பேச்சிலே குறிப்போம்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அமைதியான வேளையிலே தோன்றாது. பதற்றமான வேளையிலேதான் தோன்றும். காட்டெருமையோ சிங்கமோ எதிர்த்து வரும்போது வேட்டைக்காரன் நிதானம் இழந்து தாழை முழுதும் தள்ளாமலே மீண்டும் பின்னுக்கு இழுத்துவிடுதல் கூடும். பற்றும் முறையிலே, பாதி வழி சென்ற தோட்டா கொளுக்கியின் பிடியிலேயே திரும்பி வந்து வெளியே விழும். அடுத்ததற்கு வழி கிடைக்கும். தள்ளும் முறையிலே, முதல் தோட்டா முன்னே நின்றுவிட, இரண்டாவது தோட்டா அதன் பின்னே போய் முட்டும். இரண்டும் நெருக்குண்டு இயக்கம் தடைப்படும். ஆயிரம் முறையில் ஒருமுறை நிகழ்வதே எனினும், அந்த ஒருமுறை உயிரைப் பற்றியதாகலாம். இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

வின்செஸ்டர் கம்பனியின் தொழிற்சாலை அமெரிக்காவின் கிழக்குக் கரையிலே, கனெற்றிக்கட் மாநிலத்தின் நியூஹேவன் நகரில் இருந்தது. அதன் நிறுவுநரான ஒலிவர் வின்செஸ்டர் முன்னர்ச் சட்டைகள் செய்து விற்ற வணிகர். 1866ஆம் ஆண்டு முதல் அக்கம்பனி அவர் பெயரால் வழங்கிற்று. கைப்பிடிக்குக் கீழேயுள்ள நெம்புகோலை அசைத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கிகளாலேயே அது செல்வமும் புகழும் பெற்றது. ஆயின் முதலாம் உலகப் போர் மக்கள் சுவையை மாற்றிவிட்டது. போர்க்களத்திலே தாழ்த் துப்பாக்கிகளைக் கையாண்டு பழகிய அமெரிக்கப் போர்வீரர், ஊர் திரும்பியபின் வேட்டைக்கும் அவ்வகையையே விரும்பினர். அவ்விருப்பத்தை உணர்ந்த வின்செஸ்டர் கம்பனியார் 1925ஆம் ஆண்டிலே 'மொடல் 54' என்னும் தாழ்த் துப்பாக்கியை வெளியிட்டனர். '.270' எனும் புகழ்பெற்ற தோட்டாவும் அதனோடு உடன்பிறந்ததே.

அக்கம்பனிக்கு அப்போது நற்காலம் வாய்க்கவில்லை. போர்க்காலத்திலே அளவுக்கு மீறி விரிவடைந்த தொழிற்சாலை, போர் முடிந்தபின் வேலையின்றிக் கிடந்தது. வீட்டுச் சாமான்கள் முதலியவற்றையும் செய்து விற்று நிலைமையைச் சீர்செய்ய முயன்றனர், முயற்சி பலிக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, 1931ஆம் ஆண்டிலே கம்பனி நொடித்தது. அவ்வாண்டின் இறுதியிலே தோட்டா செய்யும் வெஸ்டேர்ன் கம்பனியின் உரிமையாளரான ஒலின் குடும்பத்தார் அதனை வாங்கினர். அக்குடும்பத்து ஜோன் ஒலின் தாமே வேட்டையில் நாட்டமுடையவர். மந்த காலமாயினும் மட்டமான பொருளைச் செய்து விற்க அவர் துணியவில்லை. 54ஆம் மாதிரியிற் கண்ட குறைகளையெல்லாம் களைந்து 1936ஆம் ஆண்டிலே செய்யத் தொடங்கியதே எழுபதாம் மாதிரி. அடுத்த ஆண்டு அது கடைகளுக்கு வந்தது.

பழைய எழுபதாம் மாதிரியின் சிறப்புகள் எவை? முதலாவதாக, மவுசர் வகுத்த பற்றும் முறை அதில் முழுமையாக அமைந்திருந்தது. இரண்டாவதாக, விசையின் பொறிமுறை மிக எளியது. சில உறுப்புகளே கொண்டது. தூசியும் குளிரும் அதனை எளிதிற் கெடுக்கமாட்டா. மூன்றாவதாக, தொலைநோக்கி பொருத்திச் சுடும் வழக்கம் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. அதனை முன்னுணர்ந்து, தாழின் கைப்பிடி தொலைநோக்கியில் முட்டாதவாறு தாழ்த்தி வளைக்கப்பட்டது. தவறுதலாக வெடியாமற் காக்கும் காப்புத் திருகும் பக்கவாட்டில் அசையுமாறு அமைக்கப்பட்டது. நான்காவதாக, உருக்கை உலையிலிட்டு அடித்து, பின்னர் பல பொறிகளிற் படிப்படியாகக் கடைந்து உறுப்புகளைச் செய்தனர். வால்நட் மரப்பிடியிலே வழுக்காத பிடிமானத்துக்காகச் சிறுசிறு கோடுகளைத் தொழிலாளர் கருவி கொண்டு செதுக்கினர்.

இத்துப்பாக்கியின் புகழைப் பரப்பியவர்களுள் ஜாக் ஓ'கொனர் குறிப்பிடத் தக்கவர். அவரும் ஆசிரியத் தொழிலிலிருந்து வந்தவரே. அரிசோனாப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவர். பின்னர் 'அவுட்டோர் லைப்' என்னும் சஞ்சிகையில் துப்பாக்கிப் பகுதியின் ஆசிரியராகப் பல்லாண்டுகள் எழுதினார். .270 தோட்டாவும் எழுபதாம் மாதிரியும் அவருடைய எழுத்தால் மலைநாட்டு வேட்டைக்காரர் வீடுதோறும் அறிமுகமாயின. ஆபிரிக்காவிலே யானை, காட்டெருமை முதலிய பெருவிலங்குகளை எதிர்கொள்வோர்க்காகப் பேராற்றல் வாய்ந்த தோட்டாக்களுக்கும் இம்மாதிரி செய்யப்பட்டது. வியட்நாம் போரின் தொடக்க ஆண்டுகளிலே, வேட்டைக்கும் இலக்குப் போட்டிக்கும் என்று செய்யப்பட்ட இத்துப்பாக்கியை அமெரிக்கக் கடற்படைக் காலாளர் போர்க்களத்துக்கும் எடுத்துச் சென்றனர் என்பது இவ்வரலாற்றின் இருண்ட பக்கம். செய்தவன் கருதிய பயனோடு ஒரு கருவியின் கதை முடிந்துவிடுவதில்லை. 1963ஆம் ஆண்டின் இறுதி வரை ஏறத்தாழ 580,000 துப்பாக்கிகள் இம்முதற் பிறவியிலே செய்யப்பட்டன.

இத்தனை புகழ் பெற்ற பொருளை மாற்ற வேண்டிய தேவை என்ன என்று நீங்கள் கேட்கலாம். விடை கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்காவிலே தொழிலாளர் கூலி உயர்ந்தது. அது நியாயமான உயர்வே. ஆனால், உழைப்பு மிகுதியாகத் தேவைப்படும் பொருளின் செலவும் அதனோடு கூடவே உயர்ந்தது. பழைய எழுபதாம் மாதிரியோ கடைசல் வேலையும் கைவேலையும் நிறைந்தது. அதே வேளையிலே போட்டிக் கம்பனியான ரெமிங்டன் வேறு வழியிற் சென்றது. அக்கம்பனியின் மைக் வோக்கர் என்னும் பொறியியலாளரும் அவருடன் உழைத்தோரும், குறைந்த வேலையிலே நிறைந்த பயன் தரும் ஓர் அமைப்பை ஆக்கினர். தாழ் ஓடும் கூட்டை உருண்டையான உருக்குக் கம்பியிலிருந்து எளிதாகக் கடைந்தெடுத்தனர். தள்ளும் முறையைக் கையாண்டனர். 1948ஆம் ஆண்டிலே இவ்வமைப்பு வெளிவந்தது. 1962ஆம் ஆண்டிலே அதுவே அழகிய வடிவம் பெற்று 'மொடல் 700' என வந்தது. விலை குறைவு, குறி தவறாமை மிகுதி. மக்கள் விரும்பி வாங்கினர்.

வின்செஸ்டர் கம்பனியின் நிலைமையோ இக்கட்டானது. விலையை உயர்த்தினால் வாங்குவார் குறைவர். உயர்த்தாவிடின் இலாபம் குறையும். போதாக்குறைக்குத் தொழிற்சாலையின் பொறிகள் பழையனவாகித் தேய்ந்திருந்தன. ஆகவே, செலவைக் குறைக்குமாறு துப்பாக்கியையே புதிதாக அமைக்கத் துணிந்தனர்.

1964ஆம் ஆண்டிலே புதிய எழுபதாம் மாதிரி வெளிவந்தது. நீண்ட கொளுக்கி நீங்கியது. தாழின் தலையிலே பதிக்கப்பட்ட சிறு கொளுக்கி அவ்விடத்தைப் பெற்றது. பற்றும் முறை போய்த் தள்ளும் முறை வந்தது. கடைந்து செய்த உறுப்புகள் சிலவற்றின் இடத்தைத் தகட்டில் அழுத்தி வெட்டிய உறுப்புகள் பெற்றன. மரப்பிடியின் கோடுகள் செதுக்கப்படவில்லை. சூடேற்றிய அச்சினால் மரத்தில் அழுத்திப் பதிக்கப்பட்டன. குழலுக்கும் மரப்பிடிக்கும் இடையே அகன்ற இடைவெளி ஒன்று விடப்பட்டது. குழல் மரத்தைத் தொடாதிருப்பது குறி தவறாமைக்கு உதவும் என்பது மெய்யே. ஆயினும் அவ்விடைவெளியின் அகலம் காண்போர் கண்ணை உறுத்திற்று. மாறாதிருந்தது பெயர் ஒன்றே.

வாங்குவோர் மத்தியிலே எழுந்த ஏமாற்றத்துக்கு அளவில்லை. வேட்டைச் சஞ்சிகைகள் கண்டித்து எழுதின. அத்துப்பாக்கியை நெஞ்சாரப் புகழ்ந்துவந்த ஓ'கொனரும் மனம் வருந்தினார். 'அறுபத்து நான்குக்கு முந்தியது' என்னும் பொருள்படும் தொடர் ஒன்று அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளிலே வழங்கத் தொடங்கி இன்றுவரை நிலைத்துவிட்டது. நேற்றுவரை சாதாரணப் பழம்பொருளாய்க் கிடந்த துப்பாக்கி, தேடி வாங்கும் செல்வமாயிற்று. ஒரு கம்பனி தன் பழைய பொருளையே தன் புதிய பொருளுக்குப் போட்டியாக்கிக் கொண்ட விந்தை இது.

நேயர்களே, இவ்விடத்திலே நாம் சற்று நின்று, இரு பக்கமும் கேட்டுத் தீர்ப்புக் கூறுதல் வேண்டும். புதிய துப்பாக்கி மெய்யாகவே கெட்ட துப்பாக்கியா?

சான்றுகளை நோக்கினால் அவ்வாறு கூறல் இயலாது. புதிய தாழின் தலை தோட்டாவின் அடியைச் சுற்றிலும் முழுமையாக மூடிக்கொண்டது. பழைய அமைப்பிலே, கொளுக்கிக்கு இடம் விடும் பொருட்டும் தோட்டா எளிதில் நுழையும் பொருட்டும் தோட்டாவின் அடியில் ஒரு பகுதி மூடப்படாமல் இருந்தது. தோட்டாவின் கூடு வெடித்துப் பிளக்கும் அரிய விபத்து நேரின், உள்ளிருந்து சீறும் வாயுவினின்றும் சுடுபவனைக் காப்பதிலே பழையது புதியதைவிடப் பின்தங்கியதே. குறி தவறாமையிலும் புதியது தாழ்ந்ததன்று. இன்னொன்றும் கூற வேண்டும். முதற் பிறவியின் கடைசி ஆண்டுகளிலே செய்யப்பட்ட துப்பாக்கிகள் பல, முன்னையவற்றின் நேர்த்தியைப் பெறவில்லை. பழையது என்னும் ஒரே காரணத்தால் எல்லாம் பொன்னாகிவிடமாட்டா.

அது மட்டுமன்று. ரெமிங்டன் கம்பனியின் மொடல் 700 துப்பாக்கியும் தள்ளும் முறையையே கொண்டது. அச்சிற் பதித்த கோடுகள் அதற்கும் வாய்த்ததுண்டு. அதனை எவரும் பழிக்கவில்லை. மாறாக, அது பெரும் வெற்றி பெற்றது. 1966ஆம் ஆண்டிலே அமெரிக்கக் கடற்படைக் காலாளரே எழுபதாம் மாதிரியை விட்டு அதன் ஒரு வகையைத் தம் குறிசுடுநர்க்கு ஏற்றுக்கொண்டனர். ஒரே குணம் ஒன்றிலே புகழப்பட்டும் மற்றொன்றிலே இகழப்பட்டும் இருப்பதேன்?

என் சிற்றறிவுக்கு எட்டிய விடை இது. ரெமிங்டன் கம்பனியார், எளிய அமைப்பை எளிய விலைக்குத் தருகின்றோம் என்று வெளிப்படையாகச் சொல்லி, புதிய பொருளைப் புதிய பெயரோடு தந்தனர். வின்செஸ்டர் கம்பனியாரோ, இருபத்தேழு ஆண்டுகளாக ஒரு பொருளைக் குறித்துவந்த பெயரை எடுத்து, அப்பொருளின் உயிர்நிலையான உறுப்பு இல்லாத வேறொன்றுக்குச் சூட்டினர். பிறவற்றினும் கூடிய விலை கொடுத்து எழுபதாம் மாதிரியை வாங்கியவர், அந்த நீண்ட கொளுக்கிக்காகவும் செதுக்கிய மரத்துக்காகவுமே அவ்விலையைக் கொடுத்தனர். பெயர் என்பது ஒரு வாக்குறுதி. புதிய துப்பாக்கி சுடுவதில் தவறவில்லை, வாக்கிலேதான் தவறிற்று. ஒவ்வோர் உறுப்புக்கும் எத்தனை சதம் மிச்சமாகும் என்று கணக்கிட்டவர்கள், நம்பிக்கை போனால் எத்தனை டொலர் நட்டமாகும் என்று கணக்கிடவில்லை. கணக்குப் புத்தகத்தில் அதற்கு ஒரு நிரல் இல்லாமையே காரணம் போலும்.

கம்பனியார் தம் பிழையை உணராமல் இல்லை. 1968ஆம் ஆண்டிலே தாழ் ஆடாமல் நேராக ஓடும்படி வழிகாட்டும் அமைப்பு ஒன்றைச் சேர்த்தனர். படிப்படியே மரவேலையும் மெருகும் திருந்தின. ஆயினும் இழந்த பெயர் எளிதில் மீளவில்லை. 1979ஆம் ஆண்டிலே நியூஹேவன் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் நெடுநாள் நீடித்தது. 1981ஆம் ஆண்டிலே ஒலின் கம்பனியார் துப்பாக்கித் தொழிலைக் கைவிட்டனர். வின்செஸ்டர் என்னும் பெயரின் உரிமையையும் தோட்டாத் தொழிலையும் மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டனர். புதிதாக அமைந்த ஒரு கம்பனி, பெயரைப் பயன்படுத்தும் அனுமதி பெற்றுத் தொழிற்சாலையை நடத்திற்று. அதுவும் 1986ஆம் ஆண்டிலே நொடித்தது. பின்னர் அது பெல்ஜிய நாட்டு எப்.என். கம்பனியின் வசமாயிற்று.

இந்நிலையிலே மூன்றாம் பிறவி நிகழ்ந்தது. 1992ஆம் ஆண்டிலே 'கிளாசிக்' என்னும் அடைமொழியோடு, பழைய நீண்ட கொளுக்கியும் பற்றும் முறையும் கொண்ட எழுபதாம் மாதிரி மீண்டும் பொது விற்பனைக்கு வந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் செலவு மிகுதி என்று தள்ளிய உறுப்பை மீண்டும் செய்ய எவ்வாறு முடிந்தது? முடித்துக் கொடுத்தது கணினி. கணினியின் கட்டளைப்படி இயங்கும் கடைசற் பொறிகள் அதற்குள் தொழிற்சாலைகளில் இடம்பெற்றுவிட்டன. முன்னர்ப் பல பொறிகளிலே, பல கைகள் மாறி, பல முறை பொருத்தி அளந்து செய்த வேலையை, அப்பொறி ஒரே இடத்தில் வைத்து நுட்பமாகச் செய்யவல்லது.

இதனை ஊன்றிக் கவனியுங்கள். பழமைக்குப் பகை பொறி என்று பலர் எண்ணுகின்றனர். 1964ஆம் ஆண்டிலே பழைய அமைப்பு கைவிடப்பட்டது பொறியினால் அன்று. அக்காலத்துப் பொறிக்கு அவ்வமைப்பை மலிவாகச் செய்யும் ஆற்றல் இல்லாமையினால். அதனினும் வல்ல பொறி வந்தபோது, கைவிட்ட பழமையே கைகூடிற்று. புதுமை பழமையை அழித்தது பாதி உண்மை. மேலும் வளர்ந்த புதுமை அதே பழமையை மீட்டுத் தந்தது மற்றைப் பாதி. கதையை இடையில் நிறுத்துபவன் முதற் பாதியை மட்டுமே காண்பான்.

ஆனால் பொறியினால் மீட்க இயலாதவையும் உண்டு. 2006ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியிலே நியூஹேவன் தொழிற்சாலை மூடப்பட்டது. போர்க்காலங்களிலே பல்லாயிரம் பேர் வேலை செய்த அவ்விடத்தில், கடைசி நாளிலே எஞ்சியிருந்தோர் 200 பேருக்கும் குறைவு. தந்தையும் மகனும் பேரனும் வேலை செய்த குடும்பங்கள் வாழ்ந்த நகரம் அது. பழைய கட்டடங்களுள் ஒரு பகுதி பின்னர்க் குடியிருப்பு வீடுகளாக மாற்றப்பட்டது. எழுபதாம் மாதிரி அதனோடு மறைந்துவிடவில்லை. தென் கரோலினா மாநிலத்துக் கொலம்பியா நகரிலுள்ள எப்.என். தொழிற்சாலையிலே அதனை மீண்டும் செய்யப்போவதாக 2007ஆம் ஆண்டிலே அறிவித்தனர். அடுத்த ஆண்டு அது வெளிவந்தது. பின்னர் உறுப்புகளைப் பொருத்தி முடிக்கும் வேலை போர்த்துக்கல் நாட்டுக்குச் சென்றது. நியூஹேவனிற் பிறந்த பெயர், கடல் கடந்து வாழ்கின்றது.

இப்போது மூன்று பிறவிகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்போம். முதலாவதிலே அமைப்பு உயர்ந்தது, கைவேலை நிறைந்தது, ஆயினும் செய்த ஆண்டுக்கு ஆண்டு, துப்பாக்கிக்குத் துப்பாக்கி தரம் வேறுபடும். இரண்டாவதிலே உறுதியும் குறி தவறாமையும் உண்டு. அழகும், ஆபத்து வேளையிற் கைகொடுக்கும் அந்தப் பிடியும் இல்லை. மூன்றாவதிலே பழைய அமைப்பும் புதிய பொறியின் நுட்பமும் ஒன்றுசேர்ந்தன; அதன் பிற்காலத் துப்பாக்கிகளில் விசைப் பொறிமுறை மட்டும் பழையதன்று, புதிதாக வகுத்தது. பயன் ஒன்றையே கருதும் வேட்டைக்காரன் மூன்றாவதைக் கொள்வதே அறிவுடைமை எனத் தேர்ந்தவர் பலர் கூறுவர். ஆயினும் முதலாவதற்கே இன்றும் தனி மதிப்பு. அம்மதிப்பிலே ஒரு பங்கு உருக்குக்கும் மரத்துக்கும் உரியது. மற்றொரு பங்கு, இனி எவராலும் செய்ய முடியாத ஒரு காலத்துக்கு உரியது. அவ்விரண்டையும் பிரித்தறியாமல் விலை கொடுப்பவன் நினைவை வாங்கிவிட்டுத் துப்பாக்கியை வாங்கியதாக எண்ணிக்கொள்கின்றான்.

இனி என் மாணவரின் வினாவுக்கு வருகின்றேன். பழையது நல்லதா, புதியது நல்லதா என்று கேட்பது வினாவைத் தவறான இடத்தில் வைப்பதாகும். எதற்காக மாற்றினார்கள், மாற்றத்தை வெளிப்படையாகச் சொன்னார்களா, மாற்றத்தினால் மிச்சமானது யாருக்குச் சென்றது, இழந்ததை யார் சுமந்தார்கள் என்று கேட்டல் வேண்டும். நம் வீட்டிலுள்ள தையல் இயந்திரத்துக்கும் துவிச்சக்கர வண்டிக்கும் இவ்வினாக்கள் பொருந்தும். ஒரு பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும் என்பதை அதிபர் என்ற முறையிலே நான் நாள்தோறும் உணர்கின்றேன். பெயர்ப்பலகை பழையதாகவே இருக்க, உள்ளே கற்பித்தலின் உயிர்நிலையான ஏதோ ஒன்றைச் சிக்கனம் கருதி நீக்கிவிட்டால், அடுத்த ஆண்டுப் பெறுபேற்றிலே அது தெரியாமற் போகலாம். தடுமாறி நிற்கும் ஒரு பிள்ளைக்குக் கைகொடுக்க வேண்டிய வேளையிலேதான் அக்குறை தெரியவரும்.

நியூஹேவன் தொழிற்சாலையார் இழந்த நம்பிக்கையை மீட்க இருபத்தெட்டு ஆண்டுகள் சென்றன. அதற்குள் கம்பனி இருமுறை கைமாறிவிட்டது. அந்த நீண்ட கொளுக்கி ஒரு சிறிய உருக்குத் துண்டு, உள்ளங்கையில் அடங்கிவிடும்.